பொக்கை விழுந்த கோப்பை

அந்த வீட்டில் எல்லாரும் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பவர்கள். பீங்கான் கோப்பை ஒன்றே ஒன்றுதான், பட்டம் வாங்கிய அன்று அந்த வீட்டுப் பெண் தனக்குத்தானே வாங்கிக்கொண்ட நீலக் கோப்பை. யாரும் தொடக் கூடாது என்று அன்றே சட்டம் போட்டாள். அதிலிருந்து வீட்டில் அவளுக்கு டிகிரி என்றே பெயர்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், விளிம்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பொக்கை. உடைந்த சில்லையும் காணோம். அண்ணன் வெளியூரில். டைல்ஸ் ஒட்டும் அப்பாவோ கோப்பை இருக்கும் பக்கமே திரும்பாதவர். மிச்சம் அண்ணிதான்.

"உடைச்சிருந்தா உடைச்சேன்னு சொல்லிடுங்க அண்ணி."

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? எனக்கு டம்ளர் இல்லையா?"

"அப்ப கோப்பைக்குக் கால் மொளச்சு, தானே போய் இடிச்சுக்குச்சா?"

அண்ணி முதுகைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அதுவே சாட்சியாகப் பட்டது இவளுக்கு. கூடத்து நாற்காலியில் அப்பா இருமினார்.

மறுநாள் காலை, கோப்பையின் பிடி சன்னலைப் பார்க்கும்படி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் பிடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொக்கை அடைபட்டிருந்தது, வெள்ளையாய், வழவழவென்று. தடயத்தை மூடுகிற வேலை! அண்ணி மாட்டிக்கொண்டாள் என்று கோப்பையோடு அடுக்களைக்குப் பாய்ந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். நகத்தால் சுரண்டினாள். நறநறவென்று உதிர்ந்தது. பசை இல்லை, வெள்ளை சிமெண்ட். அதன்மேல் கட்டைவிரலால் சாய்வாக ஓர் இழுப்பு. அப்பா டைல்ஸ் ஒட்டிய குளியலறைச் சுவரில் தினமும் பார்க்கிற அதே இழுப்பு.

அப்பா கூடத்தில், தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீங்களாப்பா?"

"அதுல குடிச்சா டீ எப்படித்தான் இருக்கும்னு பாத்தேன். அதே டீதான். கழுவுறப்ப குழாயில இடிச்சு, சில்லு சாக்கடையோட போயிடுச்சு பாப்பா."

"அண்ணியை நான் கேட்டப்ப நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"உன் வாய்க்கு யாரு பதில் சொல்றது?" ரசமட்டத்தின் குமிழியையே பார்த்தார். "இன்னும் ஒருநாள் காயணும். அதுவரைக்கும் மறுபக்கமா வாய் வெச்சுக் குடி."

சிமெண்ட்டை யாராவது வாயில் வைப்பார்களா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அடுக்களையில் அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். நேற்றிலிருந்தே அந்த முதுகுதான்.

"அண்ணி."

தேய்க்கிற கை நின்றது. திரும்பவில்லை.

"என்ன, இப்ப எது உடைஞ்சிருக்கு?"