சிடி இல்லாமல் வந்த படங்கள்

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. பெயின்ட் டப்பாவைக்கூட மூடியைத் திறந்து, குச்சியை விட்டு ஆழம் பார்த்துத்தான் வாங்குவேன். கேமரா வாங்கியதும் அதனால்தான். வேலைக்குப் போகிற இடத்தில் சுவரில் கை வைப்பதற்கு முன்னால் மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்துவிடுவேன். இங்கே ஓதம், அங்கே வெடிப்பு, இந்தக் கதவில் கீறல். வேலை முடிந்த பிறகு எவனும் வந்து "நீதான் உடைச்ச" என்று நிற்கக் கூடாது பாருங்கள். வெடிப்பை மட்டும் எடுத்தால் இது எந்த வீட்டு வெடிப்பு என்று கேட்பான். ஆகவே பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி எடுப்பேன். அந்த ஆள் எப்போதும் என் சகலை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிடச் சின்னவன், நாலு எழுத்து படித்தவன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் எஸ்டிமேட் போடுவது, பார்ட்டியிடம் பேசுவது, கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. சுவரும் பிரஷும் என் பொறுப்பு. இந்த உலகத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தது அவன் ஒருவன் கூடத்தான்.

கேமராவின் பின்பக்கத் திரையை நானே கெடுத்தேன். ஒரு நாள் அதன்மேல் பெயின்ட் சொட்டு விழுந்தது. கையில் தின்னர் நனைத்த துணி இருந்தது, துடைத்தேன். சொட்டும் போனது, திரையும் போனது. புரை விழுந்த கண் மாதிரி வெளுத்துவிட்டது.

"நல்லவேளை, மூஞ்சில சொட்டல. மூஞ்சியையும் தொடச்சிருப்பீங்க சகலை," என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மேலே இருக்கிற சின்னத் துளையில் கண்ணை வைத்துப் படம் எடுக்கலாம். எடுத்ததைப் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். கேமராவோடு ஒரு சிடி வந்திருந்தது. அதை அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் படங்களை இறக்குவான்.

ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடம் எங்களுக்கு வந்தது. முதலில் கீழ்த்தளத்து ஹாலை அடித்துக் காட்டுங்கள், பிடித்திருந்தால் கட்டிடம் முழுக்க உங்களுக்கே என்றார் அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். அடித்தோம். சுவர் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. ஆனால் வேலை முடிந்ததும் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆளுயர ஜன்னல் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் கீழ் மூலையில் கை நீளத்துக்கு ஒரு விரிசல்.

"ஏணிய சாத்தி ஒடச்சிருக்கீங்க பெரியவரே."

"அது நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்ததுங்க. படம் எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்ப கொண்டாங்க. சனிக்கிழம சாயங்காலம் கமிட்டி. படம் இல்லேன்னா மன்னிச்சுக்கணும், உங்கள மறுபடி உள்ள விட முடியாது. ஒடச்சதவிட, ஒடச்சுட்டு இல்லங்கறதுதான் எங்களுக்குப் பிடிக்கல."

இத்தனை வருடத்தில் என்னைக் கோபக்காரன் என்றிருக்கிறார்கள், முசுடு என்றிருக்கிறார்கள். பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை. கட்டிடத்துக் கட்டிடம் பேச்சு பரவும். பொய்யன் என்று ஒரு வாசலில் பெயர் வாங்கினால் அடுத்த வாசலில் கேட் திறக்காது.

அன்றைக்கே கேமராவைச் சகலையிடம் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தான். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

"வரல சகலை. பழைய கம்ப்யூட்டர் போச்சுல்ல, புதுசுல சிடி போடற வாயே கெடையாது. அந்த சிடி இல்லாம இந்தக் கேமராவ கம்ப்யூட்டர் கண்டுக்கவே கண்டுக்காது."

"கடையில குடுத்துப் பாப்பமா?"

"குடுக்கலாம். ஆனா கார்டக் கழட்டிட்டு வேற கார்டப் போட்டுக் குடுத்துட்டான்னா? உங்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்கிரீனும் தெரியாது."

நியாயம்தானே என்று பட்டது. என் சந்தேக புத்தி அவனுக்கு அத்துப்படி. அதை எடுத்தே என் வாயை அடைத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். சிடியை நானே தேடி எடுத்துக்கொண்டு, சிடி போடுகிற கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் நானே பக்கத்தில் நின்று இறக்கி வாங்கிவிடுவது என்று என் திட்டம். கதவைத் திறந்தது மச்சினி. ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"வாங்க அத்தான். என்ன கேமராவும் கையுமா?"

"இதோட வந்த சிடி எங்கம்மா இருக்கு?"

"சிடியா? அத எப்பவோ வெயில்ல கட்டித் தொங்க விட்டாச்சு, புறா வராம இருக்க. எதுக்கு?"

"படம் எறக்கணும். சிடி இல்லாம வராதுன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான்."

"அவரு சொன்னாராக்கும். ஒரு மண்ணும் தெரியாது அவருக்கு. ஒயரச் சொருகினா போதும் அத்தான். எங்க ஆபீஸ்ல தெனமும் பண்றதுதான்."

கேமரா பையிலிருந்து ஒயரை எடுத்தாள். ஒரு முனையைக் கேமராவில் சொருகினாள், மறுமுனையைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் சொருகினாள். கேமராவை ஆன் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். டிங் என்று ஒரு சத்தம். திரையில் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. அதைத் திறந்ததும் என் படங்கள் பூராவும் சின்னச் சின்னதாக வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவ்வளவுதான். சிடியும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவம், அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"கட்டடத்துப் பேருல ஒரு ஃபோல்டர் வெச்சிருக்காரு. அதுலயே போட்டுடறேன், தேட வேண்டாம்," என்று எல்லாப் படத்தையும் மொத்தமாக இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டாள். உடனே திரை நடுவில் ஏதோ எழுத்து வந்து நின்றது.

"என்னம்மா, மாட்டேங்குதா?"

"இல்ல... இதே பேருல படம் ஏற்கனவே இருக்காம். அதுமேலயே போடட்டுமா, விட்டுடட்டுமான்னு கேக்குது."

"வேற கேமரா படமா இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி நம்பர்தான் வரும்னு ஒரு தடவ அவனே சொன்னான்."

அவள் அந்த ஃபோல்டரைத் திறந்தாள். ஹால் சுவர். ஓதம் பிடித்த மூலை. மாடிப்படி. அடுத்தது அந்தக் கண்ணாடி. கீழ் மூலையில் விரிசல். அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் விரிசலைத் தொட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் என் சகலை. அன்றைக்கு நான்தான் "ஈன்னு இளிக்காதடா, விரல ஒழுங்கா வை" என்று அதட்டினேன். அது ஞாபகம் வந்தது.

"எப்ப போட்டதுன்னு தெரியுமாம்மா?"

மவுஸை அழுத்திப் பார்த்தாள். நான் கேமராவைக் கொடுத்த அன்றைக்கே. அதாவது படங்களை இறக்கி, பார்த்து, பத்திரமாக வைத்துவிட்டு, மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். கேமராவில் இருந்ததை ஏன் அழிக்காமல் விட்டான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்தக் கிழவன் எங்கே தேடப் போகிறான் என்கிற தைரியமாக இருக்கும்.

மச்சினி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பிரின்டரைப் போட்டாள். அது கரகரவென்று இழுத்து அந்தப் படத்தைத் தாளில் தள்ளியது.

"எடுத்துட்டுப் போங்க அத்தான். உங்க கேமரா, உங்க படம். உங்களுக்கு இல்லாத உரிமையா?"

சாயங்காலம் கமிட்டி அறைக்குப் போனேன். சகலை எனக்கு முன்னாலேயே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தான், மரியாதையெல்லாம் குறைவில்லை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, உங்க சகலை எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வேலைக்கு முன்னாடி கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சாம். உங்களுக்கு இப்பல்லாம் கை நடுங்குதாம், ஏணி நிக்க மாட்டேங்குதாம். கண்ணாடிய அவரே மாத்தித் தர்றேங்கறாரு. மிச்ச வேலைய அவரே தனியா பாத்துக்கறாராம். நீங்க வீட்ல இருங்க."

நான் தாளை மேசைமேல் வைத்தேன். என் கை நடுங்கவில்லை. அதை எல்லாரும் பார்க்கட்டும் என்று மெதுவாகவே வைத்தேன்.

கமிட்டியில் இருந்த ஓர் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "சுவர்ல பழைய பச்ச பெயின்ட் அப்படியே இருக்கே. ஏம்ப்பா, இது நீதான?"

சகலை எட்டிப் பார்த்தான். "இல்ல... சிடி இல்லாம எப்படி..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயலாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வேலை எனக்குத்தான் என்றார், அவனை உள்ளே கூட்டி வரக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கேட்டுக்கு வெளியே பின்னாலேயே ஓடி வந்தான்.

"சகலை, ஒரு நிமிஷம். உங்களுக்கு வயசாச்சு. உங்க நல்லதுக்குத்தான்..."

"பொய்யன்னு பேரு வாங்கிக் குடுக்கறது என் நல்லதுக்கா?"

"அந்தத் தாள் என் வீட்டுத் தாள். யார் எடுத்துக் குடுத்தா?" என்றான். கண் என் கையிலிருந்த தாளில்தான் இருந்தது. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"தங்கச்சி அழறா. அங்க ஒரே ரகள. நீங்க அவகிட்ட என்ன சொல்லிப் படத்த எடுத்தீங்க?"

"என்ன சொன்னாளாம்?"

"நம்ம பேரன் பொறந்தநாள் படம் பாக்கணும்னு நீங்க சொன்னதாலதான் ஒயரப் போட்டாளாம். அவ அடுப்படிக்குப் போன நேரம் பாத்து அந்தப் படத்த நீங்களே எடுத்துட்டுப் போயிட்டீங்களாம். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதாம். அப்படியா?"

எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் கம்ப்யூட்டரில் பிரின்ட் போட்டேனாம். கேட்கிறவளுக்குக்கூட அது தோன்றவில்லை. மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்த மச்சினியின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவள் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அவனோடுதான் சோறு தின்றாக வேண்டும்.

"ஆமா," என்றேன்.

"ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுட்டு, கடைசில நீங்க பண்ற வேலையா இது?"

நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தட்டைத் தரையில் நங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். உள்ளே அவள் தங்கையிடம் போனில் சொல்வது கேட்டது: "ஒத்துக்கிட்டாருடி."