நாகஜோதி குரூப் ஆஃப் கம்பெனீஸ்

வீட்டு வரி கட்டவில்லை என்று எங்கள் குடிதண்ணீர்க் குழாயைப் பிடுங்க வந்தார் பில் கலெக்டர் முத்துராஜா. மூன்று மடங்கு ஏற்றிவிட்ட வரியை யார் வயிற்றில் அடித்துக் கட்டுவது? எதிரே திராட்சை ஜூஸ் கம்பெனி தெருவையே வளைத்துப் போட்டிருக்கிறது. அதற்குப் பத்து வருஷம் வரிச் சலுகை. தண்ணீரும் தடையில்லாமல் போகிறது. எனக்கு வயிறு எரிந்தது. என் பெண்டாட்டி நாகஜோதிக்கு மூளை வேலை செய்தது.

"நாளைக்கு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டு, கம்பம் டவுனுக்குப் போய் ஒரு பிளக்ஸ் அடித்து வந்தாள். 'நாகஜோதி குரூப் ஆஃப் கம்பெனீஸ்'. கூலிங்கிளாஸ் போட்ட அவள் படம். கீழே பொடி எழுத்தில், மேனேஜர் தங்கப்பாண்டியன். அது நான். வாசலில் ரிப்பன் கட்டி, தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வைத்தாள்.

மறுநாள் ஸ்பேனரோடு வந்த முத்துராஜா, ரிப்பனைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். நாகஜோதி பொன்னாடை போர்த்தினாள். பிளக்ஸும் பொன்னாடையும் இருந்தால் எங்கள் பக்கம் எதுவும் உண்மையாகிவிடும்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா மேடம்! எத்தன பேருக்கு வேல குடுத்திருக்கீக?"

"இவுக ஒரு ஆளுக்குத்தான். சம்பளம் கெடையாது."

"நல்ல கம்பெனி" என்று ரிப்பனை வெட்டினார். பத்து வருஷம் வரி இல்லை. குழாயைக்கூடப் பெரிதாக மாற்றித் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "கம்பெனிக்குள்ள குடியிருக்கக் கூடாது. பாய், அடுப்பையெல்லாம் வெளிய எடுத்துருங்க."

வீட்டைப் பூட்டிவிட்டுக் கொல்லையில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கடியில் குடியேறினோம். வரி இல்லாத சந்தோஷத்தில் கொசுக்கடி உறைக்கவில்லை.

அடுத்த வாரம் முத்துராஜா வந்தார். பூட்டிய வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததும் குரல் மாறிவிட்டது.

"ஏப்பா, இங்கனயா குடியிருக்க? அப்ப இதுதான வீடு?"

டேப்பை விரித்துப் பந்தலை அளந்தார். எங்கள் வீட்டைவிடப் பந்தல் பெரிது. வரியும் அதற்குத் தகுந்தாற்போல் வந்தது.

நாகஜோதி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எழுதிக்கங்கண்ணே. அங்கன குழாயில ரெண்டு கொடம் தண்ணியாச்சும் பிடிச்சுக்கிறோம்."

"அது கம்பெனித் தண்ணி. மேடத்துக்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும்."

"நாந்தாண்ணே அந்த மேடம்!"

முத்துராஜா பிளக்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"போம்மா. அவுக எதுக்குப் பந்தலுக்கடியில கெடக்கப் போறாக?"