காலர் பட்டைத் தோல்

…மூன்று மூன்றாக, பூதக்கண்ணாடியெல்லாம் வேண்டாம், சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே தெரிகிறது, பன்றித் தோலில் மயிர்த்துளைகள் அப்படித்தான் இருக்கும், தோல் வாங்கித் தைக்கிற எவருக்கும் இது அரிச்சுவடி, இவள் தம்பிக்கு மட்டும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் தோல்… அடுத்த கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக் காலர் பட்டையின் தையலைப் பிரித்தாள். பதினாறு முடிந்தது, இன்னும் ஏழு. இருபத்து நாலாவது இங்கே இல்லை, முந்தாநாள் பள்ளிவாசல் தெரு டீச்சர் வாங்கிப் போய்விட்டார், அதைப் போட்டுக்கொண்டே தொழுதும் இருப்பார். நம்பி வாங்கலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இவளும் பெரிய மேதாவியாட்டம் அந்தக் கோட்டின் விவரம் இருந்த கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாளே, துணி எந்த ஆலை, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விட்டார்களா, தோல் ஹலாலா, எல்லா வரியிலும் பச்சை டிக். இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தம்பி வெட்டு மேசையோரம் நிற்கிறான், காலையிலிருந்து வாங்கிய திட்டில் காதெல்லாம் சிவந்து. செருப்புக் கம்பெனி கழித்துப் போட்ட துண்டுத் தோல், குப்பைக்குப் போவதைக் காப்பாற்றுகிறோம் என்று பீற்றிக்கொண்டு வாங்கியது, எந்த விலங்கு என்று கம்பெனிக்காரன் எழுதித் தரவே இல்லை, இவன் என்ன செய்தானாம், ஹலாலா என்ற கட்டத்தில் மேலே பருத்திக்குப் போட்ட ‘ஆமாம்’ஐ அப்படியே கீழே தோலுக்கும் இழுத்துவிட்டானாம்! தெரியாவிட்டால் தெரியாது என்று போடுவதற்கென்ன, விரல் தேய்ந்தா போய்விடும்?

“அப்படிப் போட அதுல இடமே இல்லையேக்கா. ஆமாம், இல்லை, ரெண்டுதான் இருக்கு. இல்லைன்னு போட்டா சிவப்பாயிடும், நீ கத்துவ.”

எதிர்த்துப் பேசாதே என்று வாயெடுத்தவள் நிறுத்தினாள். இடம் இருந்ததே, முதலில் மூன்று இருந்தது, மஞ்சளில் ‘தெரியாது’ என்று… அதைப் பார்த்ததும் வாங்க வந்தவர்கள் கோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று மென்பொருள் செய்து தந்த பெண்ணுக்குப் போன் போட்டு, அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னது யார்? நிஜமா எடுத்துடவா என்று அவள் இரண்டு தடவை கேட்டாளே. தம்பி மேல் வந்த ஆத்திரம் குறையவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது, அவன் சொல்லியிராவிட்டால் இவளுக்கு ஞாபகமே வந்திருக்காது. டீச்சரின் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். என் தம்பி கவனக்குறைவாகச் செய்துவிட்டான் என்று தொடங்குவதாகத்தான் இருந்தாள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.