வேலி இல்லாத படம்

முன்பக்கத்து வேலிக் கம்பியைக் கழற்ற மாதவராஜ் கிளம்பியபோது, காவேரி அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்தாள். அது சோலாரில் ஓடும் மின்வேலி. அதன் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இரவும் பகலும் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அது கேட்டால்தான் காவேரிக்குத் தூக்கம் வரும்.

மாதவராஜ் பெட்டியின் சுவிட்சை அமுக்கினான். சத்தம் நின்றது.

“ஏங்க, அது இருக்கட்டுங்க” என்றாள்.

“சும்மா இரு புள்ள. ஒரு சாயங்காலந்தான? படம் எடுத்ததும் மாட்டிடப் போறேன்.”

வாசலில் முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தாள் சானியா. தர்மபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நூர் பாஷாவின் மகள். அப்பா கல்யாண வீடுகளுக்குப் போவார். மகள் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பாள். புரோக்கர் அறிவழகன்தான் அவளை அனுப்பியிருந்தார். பெங்களூரில் ஒருவர் காட்டோரமாக ஒரு வீடு தேடுகிறாராம். நேரில் வர அவருக்கு நேரமில்லை. படம் பிடித்துப்போனால் முடித்துவிடுவார்.

பாலக்கோட்டைத் தாண்டி, தக்காளித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வீடு. மேற்குப் பார்த்த வாசல். அதனால் காலை வெயிலில் வீட்டு முகம் இருட்டடித்துவிடும் என்று சானியா சாயங்காலம் வந்திருந்தாள். வந்ததும் கொடித்துணியை எடுக்கச் சொன்னாள். பிளாஸ்டிக் குடங்களையும் டிராக்டரையும் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். மண் நிறம் எடுப்பாகத் தெரிய வாசல் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வைத்தாள். அதன் பிறகுதான் வேலியைப் பார்த்தாள்.

“என்னண்ணா இது, ஜெயிலாட்டம்? எதுக்கு இந்தக் கம்பி?”

மாதவராஜ் ஒரு கணம் மனைவியைப் பார்த்தான். “காட்டுப்பன்னிம்மா. கெழங்கத் தோண்டிப்புடும்.”

“இந்த டப்பா, சாக்கெல்லாம்?” வேலி நெடுகத் தகர டப்பாக்கள் தொங்கின. நடுநடுவே மிளகாய்த்தூளும் பழைய இன்ஜின் ஆயிலும் குழைத்துப் பூசிய சாக்குத் துண்டுகள். “திருஷ்டிக்கா?”

“ஆமாமா, திருஷ்டிக்குத்தான்.”

“இவ்ளோ திருஷ்டி படற அளவுக்கு வூடு ஒண்ணும் அரண்மனை இல்லீங்களே!” சானியா சிரித்தாள். மாதவராஜும் சிரித்தான். காவேரி சிரிக்கவில்லை.

டப்பாவும் சாக்கும் மாட்டுக் கொட்டகைக்குள் போயின. சானியா பலா மரத்தைப் பார்த்துக் கை தட்டினாள். அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கியது. இரண்டு பழம் முற்றிப் பழுத்து, வாசம் வாசல் வரை வந்தது. “இதத்தான் அவங்க தேடறாங்க. பறிச்சுடாதீங்கக்கா. படத்துல அழகே இதுதான்.”

அந்தப் பக்கத்தில் பலாப்பழம் மரத்திலேயே பழுக்க யாரும் விடுவதில்லை. முற்றியதும் வெட்டிப் பொழுது சாய்வதற்குள் சந்தைக்கு ஏற்றிவிடுவார்கள். விற்காதது பாலக்கோட்டு உறவுக்காரர்களுக்குப் போகும். வீட்டில் வாசம் தங்கக் கூடாது. அன்று மத்தியானமும் காவேரி அரிவாளைக் கையில் எடுத்தாள். படத்துக்கு இருக்கட்டும் என்று மாதவராஜ்தான் வாங்கி வைத்துவிட்டான்.

யானையை அங்கே யானை என்று சொல்லமாட்டார்கள். ‘பெரியவரு’ என்பார்கள். கம்பியும் டப்பாவும் சாக்கும் அவருக்காகத்தான். மாசி மாதம் பக்கத்துத் தோட்டத்து ராஜப்பன் விடியும் முன்னே தண்ணீர் கட்டப் போனார். அவர் திரும்பி வரவில்லை, வரப்பில் மண்வெட்டி மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் பிறகு காவேரியின் ஆறு வயது மகள் கலைமதி பொழுது சாய்ந்தால் வாசல்படியைத் தாண்டுவதில்லை. தூக்கத்தில் எழுந்து, “டிக் டிக் கேக்குதாம்மா?” என்பாள். வீட்டை விற்றுவிட்டு எங்காவது ஊருக்குள் போய்விட வேண்டும். காவேரி வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ராஜப்பனின் மனைவியும் தன் வீட்டை விலை சொன்னாள். கேட்டவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அப்புறம் அந்த வீட்டை ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் காலையில் மாதவராஜ் மனைவியிடம் சொல்லியிருந்தான். “அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத. எடுத்தா நாம இங்கயேதான் கெடக்கணும்.”

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. கடைசியில் கழன்று விழுந்தது வேலி.

வெளிச்சத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் சானியா வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளே கதவை ஒட்டி நின்ற கலைமதியின் ஒரு கால் செருப்பு வார் அறுந்து தொங்கியது.

“இங்க வாடி தங்கம். இத வெச்சுகிட்டு எப்பிடி ஓடுவ?”

“நான் ஓடமாட்டேன்.”

“ஓடாத புள்ளையா? பாத்ததே இல்லையே!”

சானியா தன் துப்பட்டாவைத் தோளில் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றி, செருப்பு வாரைக் குத்தி இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். குழந்தை குனிந்து பார்த்து, அன்று முதல்முறையாகச் சிரித்தது. காவேரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் செய்த உபகாரம். கடவுள் பெரிய வேலைகளுக்கும் சில நேரம் ஊக்கு போன்ற சின்னப் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்.

சூரியன் இறங்கியது. வீட்டின் முகம் பொன்னாக மின்னியது. சானியா எடுத்தாள், பார்த்தாள், தலையை ஆட்டினாள். “முழு வூடும் வரல. கொஞ்சம் பின்னால போறேன்.” முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலி இருந்த இடத்தைத் தாண்டினாள். அறுவடை முடிந்த சோளக்கொல்லைக்குள் போனாள். “அக்கா, உள்ள லைட்டு எல்லாத்தையும் போடுங்க! வெளிய அந்தப் பெரிய ஃபோகஸ் லைட்டு மட்டும் வேணாம், படத்தக் கெடுத்துடும்!”

மாதவராஜ் உள்ளே விளக்குகளைப் போட்டான். வாசலில் இருந்த அந்தப் பெரிய விளக்கை மட்டும் போடவில்லை.

“கேமரா இனி தானா எடுத்துகிட்டே இருக்கும். வானம் நீலமா மாறுறப்ப ஒரு நிமிஷம் சரியா வரும். அதுக்குத்தான் வெயிட்டிங். நீங்க கொஞ்சம் கதவ விட்டுத் தள்ளிக்கங்கக்கா!”

காவேரி தள்ளவில்லை. கொல்லைக்கு அப்பால் ஓடை. ஓடைக்கரையில் மூங்கில். காற்று மூங்கில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, பலா வாசத்தையும் கூட எடுத்துக்கொண்டு. அடையப் போகும் மைனாக்கள் அந்த நேரத்தில் கத்தித் தீர்க்கும். இன்று ஒன்றும் கத்தவில்லை. நாய் குரைக்காமல் வந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

கொல்லையின் நடுவில் சானியாவின் ஊக்கில்லாத துப்பட்டா மட்டும் காற்றில் படபடத்தது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது மூங்கில் புதரில் ஒரு பகுதி மற்றவற்றை விடக் கருப்பாக இருப்பதைக் காவேரி பார்த்தாள். அந்தக் கருப்பு மெதுவாக ஒரு காதை அசைத்தது.

“ஏங்க” என்றாள்.

மாதவராஜ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாயிற்று. “கத்தாத” என்றான். “கத்துனா அது ஓடி வரும். தானா திரும்பிப் போயிடும். போயிடும் புள்ள.”

“போவலன்னா?”

அந்த ஒரு கணத்தில் காவேரி எல்லாவற்றையும் நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தால் புரோக்கருக்குத் தெரியும், பெங்களூருக்குத் தெரியும். வீட்டு விற்பனை நின்றுபோகும். கலைமதி இன்னொரு வருஷம் டிக் டிக் கேட்டபடி தூங்குவாள். வாசல்படியில் குழந்தையின் செருப்பு கிடந்தது. வாரில் ஊக்கு மின்னியது.

அவள் உள்ளே போனாள். சானியாவுக்காகப் போட்டிருந்த டீயை டம்ளரில் ஊற்றினாள். “முனியப்பா” என்று சாமியை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். டம்ளரை ஏந்திக்கொண்டு, விருந்தாளிக்கு டீ கொண்டுபோகும் நடையில், ஓடாமல், கொல்லைக்குள் நடந்தாள்.

“ஐயோ அக்கா, நீங்க படத்துல விழறீங்க!”

“விழட்டும் சாமி. டீ ஆறிப்போவுது.”

“ஒரே நிமிஷம்க்கா, வானத்தப் பாருங்களேன்...”

காவேரி அவள் கையைப் பிடித்தாள். டீ சிந்தியது. “எம் பேச்சக் கேளு கண்ணு. கேமராவெல்லாம் அப்பிடியே கெடக்கட்டும். எங்கூட மெல்ல நட. திரும்பிப் பாக்காத.”

“ஏங்க்கா? பன்னியா?”

“பன்னி இல்ல.”

சானியாவின் உதடுகள் ஓதத் தொடங்கின. இரண்டு பேரும் நடந்தார்கள். பின்னால் சோளத்தட்டை ஒன்று முறிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று முறிந்தது. ஓட வேண்டும் என்று காலெல்லாம் துடித்தது. காவேரி அந்தப் பெண்ணின் விரல்களை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேலி இருந்த இடத்தைக் கடக்கும்போது, தாண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது அவள் நெஞ்சில் அடித்தது.

மாதவராஜ் கதவைச் சாத்தினான். விளக்குகளை அணைத்தான். நடு அறையில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கலைமதி சானியாவின் மடிக்குள் புகுந்துகொண்டாள்.

முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம். பிறகு பலா மரம் முறியும் சத்தம். பிறகு பழத்தை மெல்லும் சத்தம், அவசரமே இல்லாமல். எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்துத் தோட்டக்காரர்கள் வெடி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

முக்காலி நின்ற இடத்திலேயே நின்றது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதவராஜ் அதைத் தூக்கி வந்து கொடுத்தான். சானியா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நீல வானம், மஞ்சள் ஜன்னல்கள், அழகான வீடு. அடுத்ததில், டம்ளரோடு நேராக வரும் காவேரி. அவள் கண்கள் கேமராவுக்குப் பின்னால் எதையோ பார்க்கின்றன. அடுத்ததில், கைகோத்து நடக்கும் இரண்டு முதுகுகள். அடுத்ததில் இருண்ட வீடு. கடைசியாக வீடே தெரியாத ஒரு படம். சட்டத்தை அடைத்து ஒரு கருத்த உடல் மட்டும், அதன் ஓரத்தில் பலா இலை ஒன்று.

“அதெல்லாம் அழிச்சிடும்மா” என்றான் மாதவராஜ் தலை குனிந்தபடி. “நல்லது நாலஞ்சு இருக்குதுல்ல, அத மட்டும் அனுப்பு. உங்கால்ல வேணாலும் வுழறேன்.”

சானியா அவனைப் பார்க்கவில்லை. காவேரியைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கக்கா.”

காவேரி கலைமதியின் தலையைத் தடவினாள். “வாங்கறவங்க வூட்லயும் ஒரு புள்ள இருக்கும்” என்றாள். “அழிக்காத. காலையில அவரு வேலிய மாட்டுவாரு. டப்பா, சாக்கு, பெரிய லைட்டு, எல்லாத்தோடயும் எடு. இங்க இருக்கறவங்க எப்பிடி இருக்கணுமோ அப்பிடியே எடு.”

மாதவராஜ் எழுந்து கொட்டகைக்குக் கம்பி எடுக்கப் போனான். காலை வரை அவன் காத்திருக்கவில்லை.

படங்கள் வேலியோடு போயின. பெங்களூர்க்காரர் மறுபடி பேசவில்லை. அறிவழகன் போனில் சானியாவைத் திட்டினார். “வூடு விக்க அனுப்புனா நீ சர்க்கஸ் காட்டறியா?” அதற்கு அவள், “ஆமாண்ணா, டிக்கெட் உங்களுக்கு ஃப்ரீ” என்றாளாம். அந்த வாரமே பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கும் அவள் மாமா நிசார் அகமது, மாடியில் சும்மா கிடந்த அறையைக் கலைமதியும் காவேரியும் தங்கக் கொடுத்தார். மாதவராஜ் பகலில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இருட்டும் முன் அங்கே வந்துவிடலாம். வீடு விற்கும்போது விற்கட்டும்.

போவதற்கு முந்தின இரவு வானம் மூடிக் கிடந்தது. மூன்று நாளாக வெயிலே இல்லை. மூட்டைகள் வாசலில் கட்டியிருந்தன. கலைமதி ஊக்குச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். காவேரி சுவரோரம் உட்கார்ந்து, சார்ஜ் இறங்கிவரும் வேலிப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. டிக்.

ஓடைப் பக்கம் மூங்கில் சலசலத்தது. காற்றாகத்தான் இருக்க வேண்டும். அவள் எழுந்து பெரிய விளக்கைப் போட்டாள். ராஜப்பன் வீட்டில் இருப்பவர்களும் முழித்துக்கொள்ளட்டும் என்று ஒரு டப்பாவைக் கரண்டியால் தட்டத் தொடங்கினாள்.