பொடியனைச் சார்ந்தவை

கணினிப் பாதுகாப்பைச் சோதிக்க வந்திருந்த தணிக்கைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: “அண்டா யாருங்க?”

“ஆள் இல்ல சார். அது ஒரு பாத்திரம்.”

“பாத்திரமா?”

“ரோல் சார்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். தான் சொன்னது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த ரத்த வங்கியில் அவள் எல்லாருக்கும் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பழக்கிவிட்டவன் அவளுடைய சொந்தத் தம்பி. ரத்தம் கொடுத்தவர்களின் விவரமும் பைகளின் இருப்பும் அடங்கிய தரவுத்தளம் முழுக்க அவன் பொறுப்பில் இருந்தது. அது அந்தக் கட்டடத்தில் இல்லை, இணையத்தின் வழியே எட்டுகிற கிளவுடில் இருந்தது. யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியே எழுதி மாளாது. அதனால் வேலைக்கு ஒரு ரோல் என்று வைத்து ஆட்களை அதில் சேர்ப்பான், விலகியவரை எடுத்துவிடுவான். ஏதோ ஒரு கையேட்டில் ரோலைப் ‘பாத்திரம்’ என்று தமிழ்ப்படுத்தியிருந்ததைப் பார்த்த அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கள் ‘கண்ணாடி டம்ளர்’ ஆனார்கள். எடுக்கவும் போடவும் உரிமை உள்ள ஆய்வகத்தார் ‘கரண்டி’. எல்லாவற்றையும் ஆளுகிற நிர்வாகி ‘அண்டா’.

அறிக்கைகள் தயாரிக்கும் அக்காவுக்கும் கண்ணாடி டம்ளர்தான் கொடுத்தான்.

“கூடப் பிறந்தவளுக்கே டம்ளர்தானாடா?”

“உறவு வேற, உரிமை வேறக்கா. கரண்டி வேணும்னா லேப்ல போய்ச் சேரு.”

உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, பாத்திரத்துக்குக் கொடு. ஆள் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் பாடம் எடுப்பான். உபதேசம் ஊருக்குத்தான். அட்டவணைகள், கணினி நிரல்கள் என்று அவன் உருவாக்கிய அத்தனையையும் அவசரத்தில் தன் பெயரிலேயே உருவாக்கி வைத்திருந்தான். அந்தப் பெயரும் வீட்டில் கூப்பிடுகிற பெயர்: பொடியன்.

தணிக்கைக்காரர் பாத்திரக் கதையைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். “சரி, இந்தப் பொடியன்? அதுவும் பாத்திரமா? இன்னிக்குக் காலையிலகூட வேலை பாத்திருக்காரே.”

“அது ஆள்தான் சார். என் தம்பி. போன வருஷம் தவறிட்டான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தெரியாமக் கேட்டுட்டேன்மா.”

“பரவாயில்ல சார்.”

“ஆனா இதை நான் கண்டுக்காம விட முடியாது. போனவரோட கம்ப்யூட்டர் கணக்கை யார் கவனிக்கப் போறா? வேற எவனாவது அதுல நுழைஞ்சா, ரத்தம் குடுத்தவங்க பேரு, வியாதி எல்லாம் சந்திக்கு வந்துடும். சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள மூடிட்டீங்கன்னா மூடியாச்சுன்னே எழுதிடறேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அவளுக்குத் தெரியாததும் இல்லை.

போன வருஷம் தலைவலி என்று படுத்த தம்பி எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே தலைமை அலுவலகம் விதிப்படி அவன் கணக்கை மூடியது. மறுநாள் விடிந்தபோது ரத்த வங்கியின் எல்லாத் திரைகளும் வெறிச்சென்று கிடந்தன. அவை அத்தனையும் அவன் பெயரில்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தன. மருத்துவமனைகளிலிருந்து தொலைபேசி விடாமல் அடித்தது. ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன், எல்லாருக்கும் லேப் அண்ணன், குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பைகளைக் கையால் எண்ணினார். மதியத்துக்குள் கணக்கை மறுபடி திறந்துவிட்டார்கள். “போனவனை ஒரே நாள்ல திருப்பிக் கூப்பிட்ட ஆபீஸ் இது ஒண்ணுதான்டா” என்று சிரிக்க வைக்கப் பார்த்த லேப் அண்ணன், பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அண்டா அவள் தலையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு திரையும் உள்ளே நுழைகிற பெயரைப் பொடியனிலிருந்து வேறொன்றுக்கு மாற்றினாள். அந்த வேலை முடிந்து மாதங்கள் ஆகின்றன. கணக்கை நீக்குவது மட்டும்தான் பாக்கி. அதை இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

காரணம், காலையில் வரும் செய்தி. தினமும் பைகளின் இருப்பை எண்ணி ஊழியர்களின் கைபேசிக்கு அனுப்ப அவன் ஒரு நிரல் எழுதியிருந்தான். யார் இயக்கிவிட்டாலும் அது தன் உடைமையாளரின் பெயரில்தான் ஓடும். கீழே அந்தப் பெயரையே கையெழுத்தாகப் போடும். ‘ரத்தம் ரெடி, காபி ரெடியா? – பொடியன்.’ கைபேசி டிங் என்றதும் அம்மா கேட்பாள்: “பொடியன் என்ன சொல்றான்?” அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் கேட்பாள். இவளும் வாசித்துக் காட்டுவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

மதியம் லேப் அண்ணன் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் நீக்கச் சொல்லும் கட்டளையை அடித்தாள். கணினி மறுத்தது. பொடியனை நீக்க முடியாது, சில பொருள்கள் அவனைச் சார்ந்திருக்கின்றன என்றது.

“பாத்தியா, மெஷினுக்கே தெரியுது” என்றார் அண்ணன்.

“சும்மா இருங்கண்ணே.” அவளுக்குக் கண் மறைத்தது. “அவன் உருவாக்கினதெல்லாம் இன்னும் அவன் பேர்லதான் இருக்கு. எல்லாத்தையும் இன்னொரு பேருக்கு மாத்தினாத்தான் இது விடும்.”

“உன் பேருக்கு மாத்திக்கோ. கூடப் பிறந்தவ, உனக்கில்லாத உரிமையா?”

“நாளைக்கு நானும் போயிட்டா?”

“வாயைக் கழுவு.”

“அவன் சொன்னதுதாண்ணே. ஆளுக்குக் குடுக்காதே, பாத்திரத்துக்குக் குடுன்னு.”

“இருக்கிற பாத்திரம் எதுவும் ஆகாதா?”

ஆகாது. கரண்டியையும் அண்டாவையும் யாராவது கையில் எடுப்பார்கள். இது யாரும் கையில் எடுக்காததாக, யாரும் அந்தப் பெயரில் உள்ளே நுழைய முடியாததாக இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் அதன் மேல்தான் நிற்க வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. புதுப் பாத்திரத்துக்கு ‘அடுப்பு’ என்று பெயர் வைத்தாள்.

“அடிப்பாவி! குடும்பமே இப்படித்தானா?” என்றார் அண்ணன்.

அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள். முதலாவது, பொடியனின் உடைமைகள் எல்லாவற்றையும் அடுப்பின் பெயருக்கு மாற்றும். இரண்டாவது, பொடியனிடம் மிச்சமிருக்கும் அத்தனையையும் துடைத்துவிடும். வரிசை மாறினால் ரத்த வங்கியே துடைத்த பலகைதான். முதலில் கைமாற்று, பிறகு கைகழுவு. தம்பி சொல்லிக் கொடுத்தது. ‘கைமாத்து, கைகழுவு’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள். அடித்ததை அண்ணன் ஓர் எழுத்து விடாமல் வாசித்துச் சரிபார்த்தார். கடைசியாக, நீக்கும் கட்டளை. இந்த முறை கணினி மறுக்கவில்லை. நீக்கியாயிற்று என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

அண்ணன் எழுந்து ஆய்வகத்துக்கு ஓடினார்.

“தெரியுதாண்ணே?” என்று இங்கிருந்தே கத்தினாள்.

“எல்லாம் தெரியுது! ஒரு பை குறையல!”

தணிக்கைக்காரர் வந்து பார்த்தார். மூடியாச்சு என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது கதவருகே நின்று, “அந்தப் பாத்திரப் பேரையெல்லாம் மாத்தச் சொல்லணும்னுதான் இருந்தேன். இருக்கட்டும்மா” என்றார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கைபேசி டிங் என்றது. அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “பொடியன் என்ன சொல்றான்?”

அவள் திரையைப் பார்த்தாள். வாசகம் அவன் எழுதியதுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. கையெழுத்து மட்டும் மாறியிருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“ரத்தம் ரெடி, காபி ரெடியான்னு கேக்குதும்மா.” கைபேசியை அம்மா பக்கம் திருப்பினாள். “கீழே அடுப்புன்னு போட்டிருக்கு.”

“அடுப்பா?”

“அவன் பேரை எடுத்தாச்சும்மா. நேத்து நான்தான் எடுத்தேன். எடுக்க வேண்டியதாப் போச்சு. அவன் செஞ்சதெல்லாம் அப்படியே இருக்கு. பேருக்கு மட்டும் அடுப்புன்னு வச்சேன்.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்த மகள், அது சிரிப்பு என்று கண்டாள். சிரிப்போடு கண்ணும் வழிந்துகொண்டிருந்தது.

“அடுப்புப் பத்தவைக்கத் தெரியாத பயலுக்கு வச்சே பாரு பேரு!”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டம்ளரை மகள் பக்கம் நகர்த்தினாள்.

“மீதியையும் படி. ஓ நெகட்டிவ் எத்தனை இருக்காம்?”

“ரெண்டு பை.”

“நேத்து மூணு இருந்துச்சே! ரெண்டை வச்சுக்கிட்டு எப்படிடி? சீக்கிரம் கிளம்பிப் போய் ரத்தம் குடுக்க யாரையாவது கூப்பிடு.”