பொன்ராஜ் மூன்று கோயில்களில் கேட்காதது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸின் பழைய மாதா கோயில்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே பொன்ராஜ் வந்து ஆப்பம் தின்ன ஆரம்பித்துவிட்டார். கட்டுரை போயிற்று.

1974, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்ராஜுக்கு நாற்பத்திரண்டு வயது, திருநெல்வேலிக்காரர், தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருஷம். (முதலில் அவரை பேங்க் குமாஸ்தாவாக எழுதிப் பார்த்தேன். கை ஒத்துவரவில்லை. அது புடவை விரிக்கிற கை.) போன வருஷம் குடல்வால் ஆபரேஷனுக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஆரோக்கியமேரி. சாந்தோம்காரர், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சாப்பிடுவது பழக்கமாகியிருந்தது. "எங்க கோயிலுங்கள பாத்ததே இல்லியா? வாங்க, சுத்திக் காட்டறேன்" என்று கூப்பிட்டது அவர்தான். சுற்றப்போகிற அன்றைக்கே கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவதென்று பொன்ராஜ் முடிவு செய்திருந்தார்.

ஒரே சிக்கல். வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் "சிஸ்டர்" என்றுதான் வருகிறது.

2

சின்னமலையில் ஏசுவின் சீடர் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைக்குள் குனிந்து நுழைந்தார்கள். மெழுகு வாசனை. வேறு யாருமில்லை.

"சிஸ்டர்…"

"தலை, தலை! பாறை கீது!"

இடித்தாயிற்று. வெளியே ஒரு கடையில் நெற்றியைத் தடவிக்கொண்டே தேங்காய்ப்பாலில் ஆறு ஆப்பம்.

3

லஸ் கோயிலில் மேரி சொன்னார்: "நடுக்கடல்ல வழி தெரியாம தவிச்சவங்களுக்கு இங்கேர்ந்து ஒரு வெளிச்சம் தெரிஞ்சுதாம்."

"எனக்கும்தான் சிஸ்டர்…" என்று ஆரம்பித்தார் பொன்ராஜ். அதற்குள் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா தீப்பெட்டி கேட்டார். பேச்சு அதோடு நின்றது. அப்புறம் மயிலாப்பூரில் ரவா தோசை, இரண்டு.

(இங்கேயே அவர் கேட்டுவிட்டதாக ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. கிழித்துவிட்டேன்.)

4

சாந்தோம் கோபுரத்துக்குப் பின்னால் கடலில் சூரியன் இறங்கிக்— (மன்னிக்கவும். இது கிழக்குக் கடற்கரை.)

மணி நாலு. தோமையாரின் கல்லறை அறையில் மேரி முழங்காலிட்டார். எப்படி வேண்டுவதென்று தெரியாமல் பொன்ராஜ் கைகூப்பி நின்றார். செத்துப்போன மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டார். அது போதும் என்று பட்டது.

கடற்கரையில் பொரித்த மீன் வாங்கினார்கள்.

"காலைலேர்ந்து இன்னாவோ கேக்க வந்துக்கினே கீறீங்க. கேட்டுடுங்களேன்."

"பயமா இருக்கு. இல்லைன்னுட்டா ஞாயித்துக்கெழமை யார்கூடப் போய்ச் சாப்பிடுவேன்?"

மேரி சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "மொதல்ல மேரின்னு கூப்பிடுங்க."

கூப்பிட்டார். கேட்டும் விட்டார்.

"எனக்குச் சம்மதம். ஆனா அண்ணன் இல்லாம நான் இல்ல. வூடு இங்கதான். வாங்க."

5

அண்ணன் சூசைராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து சாப்பிட உட்காரும் நேரம். பொன்ராஜின் நெற்றி வீக்கத்தைப் பார்த்தார். தங்கை முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாப்டாச்சா?"

வயிற்றில் ஆப்பமும் தோசையும் மீனும் இடம்பிடித்துக் கிடந்தன. "இன்னும் இல்லீங்க" என்று தரையில் உட்கார்ந்தார் பொன்ராஜ். சூசைராஜ் அள்ளிப்போட, தட்டில் சோறும் இறால் தொக்கும் மலைபோல விழுந்தன.

அண்ணன் என்ன சொன்னார் என்பதற்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். மாதா கோயிலில்தான் கல்யாணம் என்பது ஒன்று. எழுந்து போய்யா என்பது ஒன்று. மூன்றாவதில் அவர் அழுகிறார், அது ரொம்ப மோசம். மூன்றும் வேண்டாம். அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: மேரி பரிமாற வரவில்லை. தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பொன்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சூசைராஜ் சோற்றுக் கரண்டியை அப்படியே நிறுத்தி, அருகருகே இருந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தார்.