புதன்கிழமை சாட்சி

விசாரணை புதன்கிழமை காலைக்கு விழுந்தது. வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவருடைய கட்சிக்காரிக்குப் பால் பண்ணையின் ஆய்வகத்தில் வேலை; அங்கே அவளுக்குப் பூட்டு என்று பெயர். புதன்கிழமை விடிந்ததிலிருந்து நண்பகல் வரை அவள் வாய் திறக்கமாட்டாள். அது அவளுடைய பிரார்த்தனை. பாலின் புளிப்பையும் சூட்டையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் பதிய வேண்டும் என்பது அங்கே விதி. புதன்கிழமைகளில் அவள் சிறு பலகையில் எழுதிக் காட்டுவாள். பழைய மேலாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்தவர் விதியைக் காட்டி அவளை வேலையைவிட்டு நீக்கினார். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழக்குப் போட்டாள்.

"வாய்தா கேட்டா அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுவாங்க," என்றார் வக்கீலம்மா, அந்தப் புதன்கிழமை காலை நீதிமன்ற வராந்தாவில். "இன்னிக்கு ஒரு நாள் பேசிடும்மா. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"சரி, எழுதியாவது குடு. ஆனா உங்க வேதத்துல இது கட்டாயம்னு எழுது. அது ஒண்ணு போதும்."

வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது இருவருக்குமே தெரியும்.

"எழுதித் தொலையேன்டி," என்றாள் அக்கா. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "வேலை போச்சுன்னா உன் மௌனத்தையா அடுப்புல ஏத்துறது?"

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வக்கீலம்மா விஷயத்தைச் சொன்னதும், "எழுதித் தரட்டும். குமாஸ்தா வாசிப்பாரு," என்றார்.

பண்ணையின் வக்கீல் எழுந்தார். "இந்த மௌனம் உங்க வேதத்துல எங்கே இருக்கு?"

பேனா தாளின் மேலேயே நின்றது. வக்கீலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதி நீட்டினாள். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"எங்கேயும் இல்லை. மற்ற நாட்களில் நான் கடவுளிடம் பேசுகிறேன். புதன்கிழமை காலையில் அவர் பேசட்டும் என்று சும்மா இருக்கிறேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க, ஐயா!" என்றார் பண்ணையின் வக்கீல். "மதத்துல கட்டாயம்னா அரசியல் சட்டம் காப்பாத்தும். இது வெறும் சொந்த விருப்பம். இவங்களோட சொந்த அக்கா, அதே மதம், புதன்கிழமையும் நிறுத்தாமப் பேசுறாங்கன்னு தெருவே சொல்லுது."

"அது என் பழக்கங்க! அதுல மதத்தை ஏன் இழுக்குறீங்க?" என்று பின்பெஞ்சிலிருந்து ரேடியோ ஒலித்தது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

"உட்காருங்கம்மா," என்றார் நீதிபதி. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "ஒண்ணு கேக்குறேன். அந்த நேரத்துல பக்கத்துல ஒருத்தர் மேல கொதிக்கிற தண்ணி கொட்டப் போகுது. என்ன செய்வீங்க?"

அவள் யோசிக்காமல் எழுதினாள். "கத்துவேன். பிறகு கடவுளிடம் மன்னிப்புக் கேட்பேன்."

"பாருங்க! மீறலாம்னு அவங்களே சொல்றாங்க," என்று துள்ளினார் பண்ணையின் வக்கீல்.

"ஒரு உயிருக்காக மீறுவாங்க. உங்க வசதிக்காக மீறமாட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?" நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒரு மதத்துல எது கட்டாயம், எது இல்லைன்னு நான் சொல்ல ஆரம்பிச்சா, நான் மதகுரு ஆயிடுவேன். எனக்கு அந்த வேலை தெரியாது. நான் பார்க்க வேண்டியது ரெண்டுதான். இந்த நம்பிக்கை உண்மையா? அதுக்கு இடம் குடுத்தா மத்தவங்களுக்கு என்ன கெடுதல்? பொய்யா ஒரு வரி எழுதியிருந்தா இவங்களுக்கு வேலை சுலபமா இருந்திருக்கும். எழுதல. முதல் கேள்வி முடிஞ்சுது. ரெண்டாவதுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

"அவசரத்துல குழப்பம் வரும், ஐயா."

"வந்துச்சா?"

"இதுவரைக்கும் இல்லை. ஆனா வாயால சொல்லாம வேலை நடக்காது."

நீதிபதி மேசை மேல் கிடந்த தாள்களை அடுக்கினார். "ஒரு சாட்சியை முழுக்க விசாரிச்சு முடிச்சுட்டோம். அவங்க ஒரு வார்த்தை பேசல. கோர்ட்டே நடக்குது, பால் பண்ணை நடக்காதா?"

அவளைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும், புதன்கிழமை காலையில் மட்டும் எழுதிக் காட்டலாம் என்று உத்தரவு சொன்னார். பண்ணையின் வக்கீல் தன் காகிதக் கட்டைக் கட்டினார்.

வராந்தாவில் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். நீதிபதியின் கண்ணாடியிலிருந்து குமாஸ்தாவின் தொண்டை வரை ஒன்றையும் விடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்ந்தன.

"மணி ஆச்சு. இப்பவாவது ஒரு வார்த்தை பேசேன்டி!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளே நீ கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்க்கா."